குடியைக் கணக்கு வைக்கும் ஆப்கள்: ஒரு வருடம், மூன்று ஆப், என் அனுபவம்

நான் குடிக்கிற ஒவ்வொரு கிளாஸையும் ஃபோனில் எழுத ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடத்தில் மூன்று ஆப் மாற்றியிருக்கிறேன். முதலாவதை இரண்டு மாதத்தில் அழித்துவிட்டேன், இரண்டாவது நான்கு மாதம் ஓடியது, மூன்றாவது இன்னும் ஃபோனில் இருக்கிறது, நேற்று இரவுகூட அதில் ஒரு வரி எழுதினேன். நான் இப்படி எழுதுவது தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?" என்பதுதான். ஆகும். ஆனால் எல்லா ஆப்பும் ஆகாது, எல்லாருக்கும் ஆகாது, அதைத்தான் இங்கே விளக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

நான் பயன்படுத்திய மூன்றின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அப்டேட்டுக்கு அப்டேட் ஆப்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, நான் இன்று குறை சொல்கிற பட்டன் அடுத்த மாதம் இருக்காது. அதைவிட, எதைப் பார்த்து ஒரு ஆப்பை எடுப்பது, எதைக் கண்டால் அழித்துவிடுவது என்று தெரிந்தால் போதும், பெயரை நீங்களே தேடிக்கொள்ளலாம். நான் இப்போது ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இதில் உண்மையை எழுத எனக்கு மனசு வருகிறதா? வரவில்லை என்றால் அந்த ஆப்பில் எத்தனை கலர் கிராஃப் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதற்கு முன்னால் ஒன்று, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஒரு வாய் குடித்தால்தான் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஆப் மருந்து இல்லை. தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கு அடுத்த நாட்களில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அவர்கள் முதலில் டாக்டரிடம் போய், மருந்தின் துணையோடு படிப்படியாக நிறுத்த வேண்டும். நான் பார்த்த ஆப்களில் "இன்று முதல் பூஜ்யம்!" என்று உற்சாகமாகத் தொடங்கச் சொல்லிவிட்டு, இந்த எச்சரிக்கையை எங்கோ கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது ஒன்று. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

என் நிலைமை அது இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, நாளுக்கு இரண்டு பெக், இதுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற கேள்வித்தாள் ஒன்று உண்டு, பத்துக் கேள்வி, 0 முதல் 40 வரை மதிப்பெண். 8ஐத் தொட்டால் குடி உடம்பைக் கெடுக்கிற பக்கம் போகிறது என்று அர்த்தம், 20ஐத் தொட்டால் அடிமைத்தனம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். நல்ல ஆப்கள் முதல் நாளே இந்தப் பத்துக் கேள்வியைக் கேட்டுவிடுகின்றன. எனக்கு 13 வந்தது. வாரம் மூன்று நாள் ஆளுக்கு எப்படி 13 என்று இரண்டாவது முறை போட்டுப் பார்த்தேன், மறுபடியும் 13.

அப்புறம்தான் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. வீட்டில் இருமல் மருந்துப் பாட்டிலின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருந்தது, 10 மில்லி லிட்டர் வரை கோடு போட்டது. நான் வழக்கமாகக் குடிக்கும் கிளாஸில், வழக்கமாக ஊற்றும் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன், பிறகு அந்தத் தண்ணீரை மூடி மூடியாக அளந்து வேறு பாத்திரத்தில் கொட்டினேன். ஆறு மூடி வரும் என்பது என் எண்ணம். எட்டு மூடி போய், ஒன்பதாவது மூடியில் பாதி நின்றது. 85 மில்லி. நான் "ஒரு பெக்" என்று சொல்லிக்கொண்டிருந்தது 85 மில்லி, "இரண்டு பெக்" என்பது 170 மில்லி. இத்தனை வருடம் எத்தனை பேரிடம், டாக்டரிடம்கூட, இரண்டு பெக் என்று சொல்லியிருக்கிறேன்! பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, கண் அளவை நம்பிச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்பதாவது மூடியை கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது நினைவிருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆப் முதன்முதலாகப் பயன்பட்டது. ஆப்பில் அளவையும் ஆல்கஹால் சதவீதத்தையும் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டுவிடும், ஆனால் கணக்கு என்ன என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். மில்லி லிட்டரை சதவீதத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பிரிட்டிஷ் யூனிட் வரும். 170 மில்லி, 40 சதவீதம் என்றால் 6.8 யூனிட். ஒரு யூனிட்டில் 8 கிராம் சுத்த ஆல்கஹால். ஆனால் அமெரிக்கக்காரர்கள் ஒரு டிரிங்க் என்று சொல்வது 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம். ஒரே 500 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம், பிரிட்டிஷ் கணக்கில் 4 யூனிட், அமெரிக்கக் கணக்கில் இரண்டே கால் டிரிங்க்தான். ஆப் எந்த நாட்டுக் கணக்கில் ஓடுகிறது என்று செட்டிங்கில் பார்க்காமல் விட்டால், அமெரிக்க எண்ணை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் வரம்போடு ஒப்பிட்டு "நான் கம்மிதான்" என்று திருப்திப்பட்டுக்கொள்வீர்கள். முதல் ஆப்பில் எனக்கு மூன்று வாரம் அப்படித்தான் போனது. பிரிட்டனில் 2016 முதல் ஆண், பெண் இருவருக்கும் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதே என்கிறார்கள், அதுவும் மூன்று நாளோ அதற்கு மேலோ பரவலாக. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது. சரியாக எழுத ஆரம்பித்த முதல் மாதத்தில் என் வாரச் சராசரி 29 யூனிட்.

ஒரு கிளிக்கில் "பீர்", "ஒயின்", "விஸ்கி" என்று படம் போட்டு, அளவை அதுவே முடிவு செய்துகொள்கிற ஆப்களை நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது யாரோ ஒருவர் எங்கோ முடிவு செய்த அளவு, உங்கள் கிளாஸ் இல்லை. நாமே மில்லி லிட்டர் போட்டு, சதவீதம் போட்டு, "என் கிளாஸ்" என்று ஒரு தடவை சேமித்து வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரே தட்டு, முடிந்தது. எழுத ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் மூன்றாவது கிளாஸுக்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள், எழுத வேண்டியதே மூன்றாவது கிளாஸிலிருந்துதான்.

இப்போது முதல் ஆப்பை ஏன் அழித்தேன் என்று சொல்கிறேன். அது நாள் எண்ணுகிற ஆப். குடிக்காத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை வட்டம், வட்டங்கள் சங்கிலி மாதிரி நீண்டுகொண்டே போகும், பத்து நாளுக்கு ஒரு பதக்கம், முப்பதுக்கு இன்னொன்று. ஆரம்பத்தில் எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது, மறுக்க மாட்டேன். 41 நாள் போனேன். 42ஆவது நாள், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வேலை மாறிப் போகிறார் என்று எல்லாரும் கூடினோம், ஒரே ஒரு பீர் குடித்தேன், நேர்மையாக வெளியே நின்று ஆப்பைத் திறந்து அதை எழுதினேன். திரை சிவப்பாக மாறியது. 41 வட்டமும் மறைந்து நடுவில் பெரிய 0. கீழே "மறுபடியும் தொடங்குங்கள்" என்று ஒரு வரி. 41 நாள் நான் குடிக்காமல் இருந்தது எங்கே போனது? என் கல்லீரலிலிருந்து யாரும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே! அன்று திரும்ப உள்ளே போய் நான்கு பீர் குடித்தேன், ஒன்றையும் எழுதவில்லை. அடுத்த வாரம் குடித்ததையும் எழுதவில்லை. ஆப் மட்டும் பச்சை வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு முறை சறுக்கியதும் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று முழுசாக விட்டுவிடுகிற இந்த மனநிலையை ஆலன் மார்லாட் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடங்களுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். சறுக்கலைவிட, சறுக்கியவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறான் என்பதுதான் அடுத்த கிளாஸை முடிவு செய்கிறது. இவ்வளவு தெரிந்த விஷயத்தை, திரையை சிவப்பாக்கி சைபர் போடுகிறவர்கள் ஏன் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. முற்றிலும் நிறுத்தியவர்களில் அந்த நாள் எண்ணிக்கையைக் கண்ணாகக் காப்பவர்கள் உண்டு, அது அவர்களைத் தாங்கிப் பிடிக்கிறது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த எண்ணிக்கையோடு "இந்த வருடத்தில் மொத்தம் இத்தனை நாள் குடிக்கவில்லை" என்ற எண்ணையும் பக்கத்திலேயே காட்டட்டும். அது எந்தச் சறுக்கலிலும் குறையாது.

இரண்டாவது ஆப் வேறு ரகம். எடை, உயரம், ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டு, குடித்ததை எழுத எழுத ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கடிகார முள் மாதிரி காட்டும். இதற்குப் பின்னால் இருப்பது எரிக் விட்மார்க் என்ற ஸ்வீடன் விஞ்ஞானி 1930களில் கொடுத்த கணக்கு: குடித்த ஆல்கஹால் கிராமை உடம்பு எடையாலும் ஒரு காரணியாலும் வகுப்பது, அந்தக் காரணி ஆணுக்கு சராசரியாக 0.68, பெண்ணுக்கு 0.55. 70 கிலோ ஆண் 40 கிராம் ஆல்கஹால் குடித்தால் சுமார் 0.08 சதவீதம் வரும், அது மணிக்கு ஏறக்குறைய 0.015 என்ற வேகத்தில்தான் இறங்கும், ஆக முழுசாக இறங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல். காபி குடித்தாலும் குளித்தாலும் இந்த வேகம் கூடாது. இதைத் தெரிந்துகொண்டது நல்லதுதான், இரவு ஒரு மணிக்கு நிறுத்தினால் காலை ஏழு மணிக்கும் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று எனக்கு அந்த முள்தான் உறைக்க வைத்தது.

ஆனால் அது சராசரிக் கணக்கு. சாப்பிட்டோமா, எவ்வளவு வேகமாகக் குடித்தோம், நம் ஈரல் எப்படி, எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு நாள் இரவு முள் பச்சையில் இருக்கிறது என்று வண்டிச் சாவியை எடுத்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எழுந்து ஒரு கால்ல நில்லுங்க பாக்கலாம்" என்றார். நிற்க முடியவில்லை. ஃபோனைத் திரும்பப் பார்த்தேன், பச்சைதான். வண்டி ஓட்டலாமா என்று ஆப்பிடம் கேட்கக் கூடாது, எந்த ஆப்பிடமும். குடித்தால் ஓட்டுவதில்லை, அதோடு முடிந்தது.

இந்த ரக ஆப்பில் இன்னொரு சிக்கல், நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால் அது விளையாட்டாகிவிடுகிறது. "மச்சான், உனக்கு எவ்வளவு காட்டுது? எனக்குப் பாரு, இன்னும் இடம் இருக்கு" என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும். என்னடா இது, குறைக்கப் போட்ட ஆப்பை வைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, பிறகு படித்தபோது அது வெறும் சந்தேகம் இல்லை என்று தெரிந்தது. ஸ்வீடனில் அரசு மது விற்பனை நிறுவனம் வெளியிட்ட பிரோமில்லேகோல் என்ற இதே மாதிரியான ஆப்பை, அளவுக்கு மேல் குடிக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வேறொரு ஆப்பைப் பெற்றவர்கள், எந்த ஆப்பும் பெறாதவர்கள் எல்லாரையும் சேர்த்து 1932 பேர். 2014இல் வெளியான முடிவில், பிரோமில்லேகோல் பெற்ற ஆண்கள் முன்பைவிட அடிக்கடி குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த ஆப்தான். வரம்பு இங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டினால், அந்தக் கோடு வரைக்கும் போகலாம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

என் இரண்டாவது ஆப்பை அழித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் குடியைப் பற்றி எழுதத் தொடங்கிய சில வாரத்தில், ஃபோனில் வேறு இடங்களில் எல்லாம் குடி நிறுத்தும் சிகிச்சை விளம்பரமும், அதன் பக்கத்திலேயே சரக்கு விளம்பரமும் வர ஆரம்பித்தன. இந்த ஆப்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதன் அனுமதிகளைத் திறந்து பார்த்தால் இருப்பிடம், தொடர்புகள், விளம்பர அடையாள எண் எல்லாவற்றுக்கும் நானே முதல் நாள் சரி சரி என்று தட்டியிருந்தேன். இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் மான்யுமென்ட் என்ற ஆன்லைன் குடி சிகிச்சை நிறுவனம், விவரங்கள் ரகசியமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, 84,000 பேர் வரையிலான பயனர்களின் தகவலை மெட்டா, கூகுள் போன்ற விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. ஒருவர் வாரத்துக்கு எத்தனை கிளாஸ் குடிக்கிறார் என்பது வேலை கொடுப்பவர் கையில், காப்பீட்டுக்காரர் கையில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: கணக்குத் தொடங்காமல், ஈமெயில் கொடுக்காமல் பயன்படுத்த முடிகிறதா, எழுதியது ஃபோனுக்குள்ளேயே இருக்கிறதா, அழி என்றால் முழுசாக அழிகிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் மேற்கொண்டு பார்ப்பேன்.

மூன்றாவது ஆப் பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணம். பதக்கம் இல்லை, சிவப்பு இல்லை, "சபாஷ்" இல்லை. ஒரு நாட்காட்டி, எழுத ஒரு பட்டன், வாரக் கிராஃப், அவ்வளவுதான். இரவு எழுத மறந்துவிட்டால் மறுநாள் எழுதிக்கொள்ளலாம், அதற்கு முகம் சுளிக்காது. காலையில் ஒரே ஒரு முறை மூன்று கேள்வி கேட்கும்: தூக்கம் எப்படி, மனசு எப்படி, தலை தெளிவாக இருக்கிறதா. ஒன்று முதல் பத்து வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். இந்தக் காலைக் கேள்விதான் எனக்கு அதிகம் வேலை செய்தது என்பேன். குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று சத்தியம் செய்திருப்பேன் நான், முன்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் குடிக்காத நாளின் தூக்கத்துக்கு நானே கொடுத்த சராசரி 7, குடித்த நாளுக்கு 4. யாரும் எனக்கு உபதேசம் செய்யவில்லை, நானே போட்ட மதிப்பெண்.

அப்புறம் அந்த வாரக் கிராஃப். ஏழு கம்பம், ஞாயிறு முதல் சனி வரை, மூன்று மாத மொத்தம். வெள்ளியும் சனியும் உயரமாக இருக்கும் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் திறந்தேன். ஆனால் வியாழக்கிழமைக் கம்பம் சனிக்கிழமையைத் தொட்டுக்கொண்டு நின்றது. வியாழக்கிழமை நான் குடிப்பதே இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன், பன்னிரண்டு வியாழனில் ஒன்பதில் எழுதியிருக்கிறது, என் விரல் தட்டியதுதான். வியாழன் சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் வாரக் கணக்கு மீட்டிங், ஒவ்வொருவரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடியதும் கை அலமாரிக்குப் போயிருக்கிறது. அதை நான் குடி என்றே கணக்கில் வைக்கவில்லை, "களைப்புக்கு" என்று வைத்திருந்தேன் போல. இப்போது அந்த ஆப்பிலேயே "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று எழுதி வைக்கும் இடத்தில் ஒரு வரி போட்டிருக்கிறேன்: மீட்டிங் முடிந்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கப் போவேன். வியாழன் சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு அந்த வரி மட்டும் ஃபோனில் வந்து நிற்கும். எல்லா வியாழனும் போகிறேன் என்று சொல்ல மாட்டேன். கம்பம் பாதிக்குக் கீழே வந்திருக்கிறது.

இந்த நினைவூட்டல் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆப்கள் இரவு ஒன்பது மணிக்கு "இன்று எவ்வளவு?" என்று கேட்கின்றன, ஒன்பது மணிக்குக் கேட்டு என்ன செய்ய, அதற்குள் இரண்டு ரவுண்டு முடிந்திருக்கும். கை கிளாஸுக்குப் போவதற்கு அரை மணி முன்னால் கேட்க வேண்டும். அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரு மாதம் எழுதினாலே உங்கள் நேரம் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஸ்வீடன் கதைக்கு நேர்மாறாக, இப்படி நேரம் பார்த்து உதவினால் பலன் இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ஏ-செஸ் என்ற ஆப். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டாஃப்சன் குழு செய்தது, குடி நோய்க்கு சிகிச்சை மையத்தில் தங்கி சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்காக. பழைய மதுக்கடை பக்கம் போனால் ஃபோன் எச்சரிக்கும், தாங்க முடியவில்லை என்றால் அழுத்த ஒரு அவசர பட்டன் உண்டு. 349 பேரிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள்: முந்தைய முப்பது நாளில் அளவு மீறிக் குடித்த நாட்கள், ஆப் இல்லாதவர்களுக்கு சராசரி 2.75, ஆப் வைத்திருந்தவர்களுக்கு 1.39.

என்னை மாதிரி ஆட்களுக்கான ஆராய்ச்சியில் முடிவு இவ்வளவு பளிச்சென்று இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய டிரிங்க் லெஸ் என்ற ஆப்பை 5,602 பேரிடம் சோதித்து 2024இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு ஆப், மீதிப் பேருக்கு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் வைத்திருக்கும் ஆலோசனைப் பக்கம். ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் குறைத்தார்கள். பதில் அனுப்பாதவர்கள் எல்லாரும் மாறவே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை, வேறு முறையில் போட்டால் ஆப் பக்கம் வாரத்துக்கு சுமார் 2 யூனிட் கூடுதலாகக் குறைந்தது. மந்திரம் இல்லை, ஆனால் ஒன்றுமில்லாததும் இல்லை. என் சொந்த எண் 29இலிருந்து இப்போது 15. அதில் ஆப்புக்கு எவ்வளவு பங்கு, அந்த இருமல் மருந்து மூடிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விசாரித்ததில், ஆப்பைப் போட்டுவிட்டு ஒரு வாரத்தில் விட்டவர்கள்தான் அதிகம். சிலர் "நான் என்ன நோயாளியா?" என்கிறார்கள், ஆப்பின் படம் ஃபோன் முகப்பில் தெரிவதே அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. நியாயமான கூச்சம்தான், பேர் வெளியே தெரியாதபடி, படத்தை மாற்றிக்கொள்ள வசதி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நண்பன் ஒருவன் நேர்மையாகச் சொன்னான், "எண்ணிப் பாத்தா பயமா இருக்குடா, அதான் எண்ணல." அவனிடம் எனக்கு வாதாட ஒன்றும் இல்லை, நானும் அந்த ஒன்பதாவது மூடி வரைக்கும் அங்கேதான் இருந்தேன். இன்னும் சிலருக்குத் துணை வேண்டியிருக்கிறது, பேர் தெரியாத நாலு பேர் "நானும்தான்" என்று சொன்னால் அவர்களுக்குத் தெம்பு வருகிறது. எனக்கு அந்தக் கூட்டம் ஒத்துவரவில்லை, ஆனால் அதனால் பிழைத்தேன் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டில் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் முதலில் மனைவிக்குத் தினமும் திரையைக் காட்டினேன். காட்ட வேண்டும் என்று தெரிந்ததும் எழுதுகிற எண் தானாகக் குறைந்தது, குடித்தது குறையவில்லை. ஒரு நாள் அவரே, "எனக்குக் காட்டாதீங்க. நீங்க பாருங்க, அது போதும்" என்றார். அன்றிலிருந்துதான் எண்கள் சரியாக இருக்கின்றன.

காசு விஷயம் சுருக்கமாக. ஏழு நாள் இலவசம் என்று சொல்லி, எட்டாவது நாள் நீங்கள் எழுதியதையே உங்களுக்குக் காட்ட சந்தா கேட்கிற ஆப்கள் நிறைய. கூடுதல் பாடம், ஆலோசகரோடு பேச்சு, இதற்கெல்லாம் கேட்கட்டும், தவறில்லை. என் கிராஃபைப் பூட்டி வைக்காதே. எழுதியதைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள், இரண்டாவது ஆப்பில் அந்த வசதி இல்லாமல் என் நான்கு மாதக் கணக்கு ஆப்போடு சேர்ந்தே போனது. மூன்றிலும் தமிழ் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்குச் சமாளிக்க முடிகிறது, என் அண்ணனுக்கு முடியாது, அவருக்குத்தான் என்னைவிட இது தேவை. அவர் இப்போதைக்கு ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டு எழுதுகிறார், வாரக் கடைசியில் நான் கூட்டிச் சொல்கிறேன்.

மூன்றாவது ஆப்புக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம், எழுதாமல் விட்ட நாளை அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. குடிக்காத நாளும் எழுத மறந்த நாளும் ஒன்று இல்லை, நான் எழுத மறக்கிற நாள் பெரும்பாலும் அதிகம் குடித்த நாளாகத்தான் இருக்கிறது, ஆக வாரச் சராசரி இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. விட்ட நாளை வெறும் கட்டமாகக் காட்டுங்கள், பூஜ்யம் போட வேண்டுமென்றால் நாங்களே தட்டுகிறோம் என்று ஆப் செய்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த அப்டேட்டில் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதுவரைக்கும் குடிக்காத நாளில் படுக்கப் போகும் முன் 0.1 என்று ஒரு எண்ணைப் போட்டு வைக்கிறேன், அப்போதுதான் அந்த நாளை நான் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.